ஓப்பனிங் பேலன்ஸ்

வாரன் பஃபெட்டின் சின்ன வயசுக் கதையை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். மீதிப் பாதிப் பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள்.

வீடு வீடாகப் போய் சூயிங் கம் விற்ற பையன். ஐந்து கொண்ட பாக்கெட்டைப் பிரித்து ஒன்றே ஒன்று கொடு என்று ஒரு பெண்மணி கேட்டதற்கு, முடியாது என்றவன். மிச்சம் நாலை யார் வாங்குவார்கள்? ஆறு கோகோ கோலா பாட்டிலை 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்று 5 சென்ட் என்று விற்று, ஆறுக்கு 5 சென்ட் லாபம் பார்த்தவன். 11 வயதில் முதல் ஷேர். 13 வயதில் முதல் வருமான வரி, மொத்தம் 7 டாலர். பேப்பர் போடப் போகிற சைக்கிளைக்கூட தொழில் செலவு என்று கணக்கில் காட்டியிருந்தான். 14 வயதில், சேர்த்த காசில் 1,200 டாலர் போட்டு நெப்ராஸ்காவில் 40 ஏக்கர் நிலம். ஹைஸ்கூல் முடிப்பதற்குள், பழைய பின்பால் மெஷின்களை வாங்கி சலூன்களில் வைத்து வாராவாரம் காசு எண்ணுகிற பிசினஸ்.

கதை இந்த இடத்துக்கு வரும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பையனுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும். அடுத்த வரி என்னவென்று அவனுக்குத் தெரியும். "நீயும் இருக்கியே..."

இந்தக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் சிக்கலே. எல்லாம் உண்மையாக இருந்தும் ஒரு கணக்கு தப்பாக இருக்க முடியும். பி.காம். முதல் வருடம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரவு சரி, செலவு சரி, கூட்டல் சரி, ஆனால் டேலி ஆகாது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரியும், போன வருடத்திலிருந்து கொண்டு வரவேண்டிய முதல் வரியை எழுதவே இல்லை என்று.

அந்த முதல் வரிக்குப் பெயர் ஓப்பனிங் பேலன்ஸ். தொடக்க இருப்பு. ஜெயித்தவர்களின் கதையை நாம் சொல்லும்போதெல்லாம் விட்டுவிடுகிற வரி அது. பஃபெட்டின் பேரேட்டை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் நிரப்பிப் பார்ப்போமா?

1930 ஆகஸ்ட் 30-ல் ஒமாஹா நகரத்தில் பிறந்தார். அமெரிக்காவின் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா ஹோவர்ட் பஃபெட் ஒரு வங்கியில் பங்கு, பத்திரங்கள் விற்கிற வேலையில் இருந்தார். பையனின் முதல் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, 1931-ல், அந்த வங்கியே இழுத்து மூடப்பட்டது. வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு. அம்மா லீலா, கணவருக்கு வயிறு நிறையட்டும் என்று தன் தட்டில் குறைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

"பார்த்தீங்களா, கஷ்டத்தில்தான் ஆரம்பம்" என்று இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். சரிதான். ஆனால் தாத்தா எர்னஸ்ட் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். மகன் குடும்பத்துக்குக் கடனுக்குச் சாமான் கிடைத்தது. அதே 1931-ல், வேலை போன சில வாரங்களில், அப்பா ஒரு கூட்டாளியுடன் சொந்தமாகப் பங்குத் தரகு நிறுவனம் தொடங்கிவிட்டார். கொஞ்ச வருடத்தில் குடும்பம் நிமிர்ந்துவிட்டது. வங்கி மூடியபோது வேலை இழந்தவர்கள் எல்லோருக்கும் மளிகைக் கடை வைத்த அப்பா இருந்திருக்க மாட்டார்.

மற்ற பிள்ளைகள் காமிக்ஸ் புரட்டும் வயதில் பையன் அப்பாவின் ஆபீஸ் அலமாரியில் இருந்த முதலீட்டுப் புத்தகங்களைப் புரட்டினான். ஒமாஹா பொது நூலகத்தில் அந்த விஷயத்தில் இருந்த புத்தகங்களையும் படித்துத் தீர்த்தான். பத்து வயதில் அப்பா நியூயார்க் கூட்டிப் போனார். பங்குச் சந்தையைப் பார்த்தான். கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் தலைவர் சிட்னி வெயின்பெர்க்கைச் சந்தித்தான். அவ்வளவு பெரிய மனிதர், பையனிடம் உனக்கு எந்த ஷேர் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை பஃபெட் கடைசிவரை மறக்கவில்லை. பத்து வயதுப் பையனின் கருத்தை வால் ஸ்ட்ரீட் கேட்கிறது என்றால், அந்தத் தன்னம்பிக்கையை எந்தக் கடையில் எவ்வளவு கொடுத்து வாங்குவது?

1942 நவம்பரில் அப்பா அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பம் வாஷிங்டன் பக்கம் போனது. பஃபெட் பேப்பர் போட்டது அங்கேதான். காலையில் சுமார் 500 பேப்பர். மாதம் 175 டாலர்வரை வந்தது. அந்தக் காலத்தில் முழுநேர வேலை பார்த்த பல இளைஞர்களுக்கு அவ்வளவுதான் சம்பளம். உழைத்தான், மறுப்பே இல்லை. ஆனால் வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் அதில் ஒரு சென்ட் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சம்பாதித்தது முழுக்க முதலாகச் சேர்ந்தது.

கதை சொல்பவர்கள் வசதியாக விட்டுவிடுகிற இன்னொரு பக்கமும் உண்டு. ஊர் மாறிய கோபத்தில் பையன் கெட்டுப்போனான். மார்க் விழுந்தது. நண்பர்களோடு வீட்டை விட்டு ஓடி, போலீஸ் கண்ணில் பட்டுத் திரும்பினான். சியர்ஸ் கடையில் கோல்ஃப் பந்துகளைத் திருடினான். இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அப்பா ஒரே ஒரு மிரட்டல்தான் விட்டார். ஒழுங்காக இல்லையென்றால் பேப்பர் போடுவதை நிறுத்திவிடுவேன். பையன் வழிக்கு வந்துவிட்டான்.

அந்த வாஷிங்டனில் அப்போது கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. 1954-ல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை அப்படித்தான். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் அதே கடையில் அதே பந்துகளைத் திருடிப் பிடிபட்டிருந்தால், விஷயம் அப்பாவின் மிரட்டலோடு முடிந்திருக்குமா? தப்பு செய்தும் வாழ்க்கை கெட்டுப்போகாமல் தப்பிப்பதும் ஒரு சொத்துதான். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காட்டப்படாத சொத்து.

இப்போது நியாயமான ஒரு ஆட்சேபனை வரும். "சார், எம்.பி. பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்களே? எல்லாருமா பஃபெட் ஆனார்கள்? புத்தகம் அலமாரியில் இருந்தால் போதுமா, எடுத்துப் படிக்க வேண்டாமா?"

வேண்டும்தான். அதற்குப் பதில் சொல்ல வெளியே போகவேண்டாம். அந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள்.

அக்கா டோரிஸ். வாரனுக்கு இரண்டு வயது மூத்தவள். 1942 மார்ச்சில் அவன் வாங்கிய அந்தப் புகழ்பெற்ற முதல் ஷேர், சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்கு, ஒன்று 38.25 டாலர். தனக்கு மூன்று வாங்கினான். 114.75 டாலர். ஐந்து வருடச் சேமிப்பு. அதே சமயம் அக்காவின் காசையும் போட்டு அவளுக்கும் மூன்று வாங்கினான். விலை 27-க்குச் சரிந்தது. பள்ளிக்கு நடந்து போகும்போது தினமும் டோரிஸ் அதை ஞாபகப்படுத்தினாளாம். 40-க்கு ஏறியதும், விட்டால் போதும் என்று இரண்டு பேருடையதையும் விற்றுவிட்டான். பிறகு அந்தப் பங்கு 202-வரை போனது. பொறுமையின் முதல் பாடம் என்று எல்லாப் புத்தகமும் இதைக் கொண்டாடுகிறது.

அந்தக் கணக்கில் இருந்த ஆறு பங்கில் மூன்று ஒரு பெண்ணுடையது என்பதை மட்டும் நாம் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம்.

ஒரே அப்பா. ஒரே அலமாரி. ஒரே ஊர். அதே பள்ளிக்குப் போகும் அதே தெரு. 2013-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பஃபெட்டே இதைச் சொன்னார். அக்காவுக்கும் தங்கை பெர்ட்டிக்கும் தன் அளவுக்கு அறிவு இருந்தது, ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் அவர்களிடம் எதிர்பார்த்ததே வேறு, நல்ல இடத்தில் கல்யாணம் ஆனால் போதும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று. 1950-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வாரனைச் சின்னதாக ஒரு நேர்காணல் செய்து, வேண்டாம் என்று அனுப்பியது. ஊர் உலகமெல்லாம் பேசுகிற நிராகரிப்பு அது. அந்த ஹார்வர்டின் இரண்டு வருட எம்.பி.ஏ. வகுப்பில் பெண்களைச் சேர்த்தது 1963-ல். தம்பிக்கு உள்ளே போய் 'இல்லை' என்று கேட்கும் வாய்ப்பாவது கிடைத்தது. அக்காவுக்குக் கதவே இல்லை.

ஆக, எது எவ்வளவு? உழைப்பு எழுபது சதவீதம், அதிர்ஷ்டம் முப்பதா? பட்டிமன்றத்தில் இப்படித்தான் பிரித்துத் தீர்ப்பு சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தக் கேள்வியே தப்பு என்று படுகிறது. அந்த 40 ஏக்கர் நிலத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பது மாதிரி. இது கூட்டல் கணக்காக இருந்தால் பிரிக்கலாம். பெருக்கல் கணக்கு.

பஃபெட்டுக்குப் பிடித்த கூட்டு வட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அசல் வேண்டும், வட்டி விகிதம் வேண்டும், காலம் வேண்டும். உழைப்பு, புத்தி, பொறுமை எல்லாம் வட்டி விகிதம். பிறந்த வீடும் நாடும் அசல். அசல் பூஜ்யமாக இருந்தால் நூறு சதவீத வட்டியும் பூஜ்யம்தான். விகிதம் பூஜ்யமாக இருந்தால் கோடி ரூபாயும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பஃபெட்டின் உழைப்பைக் குறைத்துப் பேசவே முடியாது. அது எதன்மேல் பெருகியது என்பதை மறைக்கவும் முடியாது.

இதை அவரே கருப்பை லாட்டரி என்று சொல்லி வந்தார். மாணவர்களிடம் அவர் திரும்பத் திரும்பப் போட்ட புதிர் இது: நீங்கள் பிறக்க இன்னும் 24 மணி நேரம். ஒரு பூதம் வந்து, நீ போகப்போகிற உலகத்தின் சட்டதிட்டங்களையெல்லாம் நீயே எழுது என்கிறது. ஒரே நிபந்தனை. நீ ஆணா பெண்ணா, எந்த நாடு, எந்த நிறம், புத்திசாலியா மந்தமா, நல்ல உடம்பா நோஞ்சானா என்பது உனக்குத் தெரியாது. ஒரு பெரிய பானையிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்போகிறாய். இப்போது எப்படிப்பட்ட சட்டம் எழுதுவாய்?

தத்துவம் படித்தவர்களுக்கு இது பழகின முகம். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய நீதி பற்றிய புத்தகத்தின் மையமே இதுதான். தான் யார் என்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று சட்டம் எழுது, அதுதான் நியாயமாக இருக்கும் என்றார். ரால்ஸின் சொந்த வாழ்க்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. சிறு வயதில் அவருக்கு டிப்தீரியா வந்தது. அவர் பிழைத்தார். அவரிடமிருந்து தொற்றிய தம்பி இறந்துபோனான். அடுத்த குளிர்காலம் நிமோனியா. அவர் பிழைத்தார். தொற்றிய இன்னொரு தம்பி இறந்துபோனான். ஒரே வீடு, ஒரே காய்ச்சல். பிழைத்தவன் என்ன தகுதி காட்டிப் பிழைத்தான்?

ரால்ஸுக்கு எதிர்க்கட்சியும் ஹார்வர்டிலேயே இருந்தது. ராபர்ட் நோஸிக், 1974-ல் பதில் சொன்னார். என் கண்ணை நான் சம்பாதிக்கவில்லை. அதற்காகக் கண் இல்லாதவருக்கு ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பீர்களா? கிடைத்த விதம் அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும், யாரிடமும் திருடவில்லையே, என்னுடையது என்னுடையதுதான்.

நோஸிக்கின் கேள்வி சாதாரணமானதில்லை. 'என்னுடையது' என்பது வேறு, 'எனக்குத் தகும்' என்பது வேறு என்று அவர் நமக்குப் பிரித்துக் காட்டிவிடுகிறார். பஃபெட்டின் பணம் பஃபெட்டுடையது. சட்டப்படியும் சரி, நியாயப்படியும் சரி. ஆனால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் சத்தமில்லாமல் இன்னொரு படி ஏறிவிடுகிறோம். அவனுக்குத் தகுதி இருந்தது, அதனால் கிடைத்தது என்கிறோம். அந்தப் படி ஏறிவிட்டால் அடுத்த படி தானாக வந்துவிடும். கிடைக்காதவனுக்குத் தகுதி இல்லை.

நம் ஊரில் இதற்கு மாற்றுமருந்து இருக்கிறதே, எல்லாம் தலையெழுத்து என்று சொல்லத் தெரிந்த ஜனங்கள்தானே என்று நினைக்கலாம். கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். தலையெழுத்து என்பவர் அடுத்த மூச்சில், போன ஜென்மத்துப் புண்ணியம் என்பார். அதாவது, இந்தப் பிறவியில் சம்பாதிக்கவில்லை, போன பிறவியில் சம்பாதித்தான். கடைசியில் அங்கேயும் அவனவனுக்குத் தகுந்ததுதான் அவனவனுக்குக் கிடைத்திருக்கிறது. சுயமுன்னேற்றப் புத்தகமும் பூர்வஜென்மப் பலனும் பார்க்க எதிரிகள் மாதிரி இருந்தாலும், இரண்டும் வந்து சேருகிற இடம் ஒன்று. ஏழை தன் ஏழ்மையைத் தானே தேடிக்கொண்டான்.

லாட்டரி என்ற சொல் அந்த இரண்டையும் உடைக்கிறது. சீட்டு விழுந்தவனிடம் புண்ணியமும் இல்லை, விழாதவனிடம் பாவமும் இல்லை.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஹார்வர்டு கைவிட்ட பிறகு பஃெபட் கொலம்பியாவுக்குப் போனார். அங்கே பெஞ்சமின் கிரஹாம் பாடம் எடுத்தார். 1949-ல் வந்த கிரஹாமின் புத்தகத்தை 19 வயதில் படித்துக் கிறங்கிப்போனவர் பஃபெட். வகுப்பில் ஏ பிளஸ் வாங்கினார். 1951-ல் படிப்பு முடிந்ததும், சம்பளமே வேண்டாம், உங்கள் நிறுவனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கிரஹாம் மறுத்துவிட்டார்.

காரணம், திறமைக் குறைவு இல்லை. அந்த நாளில் வால் ஸ்ட்ரீட்டின் பல நிறுவனங்கள் யூதர்களை வேலைக்கு எடுக்காது. கிரஹாம் யூதர். அதனால் தன்னிடம் இருந்த கொஞ்சம் இடங்களை, வேறெங்கும் கதவு திறக்காத யூத இளைஞர்களுக்கு என்று வைத்திருந்தார். கிரஹாமும் அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். அம்மா 1907 சந்தைச் சரிவில் பணத்தைத் தொலைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஓப்பனிங் பேலன்ஸ் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வகுப்பிலேயே முதல் மாணவன், சும்மா வேலை செய்கிறேன் என்கிறான், பிறப்பைக் காரணம் காட்டி மறுக்கிறார்கள். அநியாயம் இல்லையா? பஃபெட்டுக்கு வலித்திருக்கும். ஆனால் அவர் குருவைத் திட்டிக்கொண்டு திரியவில்லை. ஊருக்குப் போய் அப்பாவின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். போவதற்கு அப்பாவின் நிறுவனம் இருந்தது, கவனியுங்கள். மேடையில் பேச நடுங்கியவர், 100 டாலர் கட்டி டேல் கார்னகி வகுப்பில் சேர்ந்தார். கிரஹாமுக்கு யோசனைகளைக் கடிதமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். 1954-ல் கிரஹாமே கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஒரு கதவு மூன்று வருடம் சாத்தியிருந்தால் தாங்குகிற இடத்தில் பஃபெட் இருந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்த இளைஞனுக்கு அது ஒரே கதவு. கிரஹாம் செய்ததை நான் நியாயம் என்றுதான் சொல்வேன். இதை வாசித்துவிட்டு எத்தனை பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பஃபெட்டை இதோடு புனிதராக்கி மாலை போட்டுவிடவும் வேண்டாம். லாட்டரி என்று தெரிந்திருந்தும், சொத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதாக அவர் அறிவித்தது 2006-ல். அப்போது வயது 75. என்னிடம் இருந்தால் வேகமாகப் பெருகும், பின்னால் நிறையக் கொடுக்கலாம் என்பது அதுவரை அவர் சொன்ன வாதம். கணக்கு சரி. ஆனால் பசித்தவனுக்குக் கூட்டு வட்டி தெரியாது. 1970-ல் மருந்து கிடைக்காமல் போனவரை 2006-ன் பில்லியன்கள் எழுப்பாது. 2011-ல் அவரே, என் வரி விகிதம் 17.4 சதவீதம், என் ஆபீஸில் மற்றவர்களுக்குச் சராசரி 36 சதவீதம், இது சரியில்லை என்று பத்திரிகையில் எழுதினார். நேர்மையான குரல். அந்தச் சட்டம் எத்தனையோ வருடம் அவருக்குச் சாதகமாக ஓடிய பிறகு வந்த குரல். 2025 முடிவில், 95 வயதில், தலைமைப் பொறுப்பை விட்டு இறங்கும்வரை அந்தப் பேரேட்டில் பெருக்கல் நின்றபாடில்லை.

டோரிஸுக்கு என்ன ஆயிற்று? 1987 சந்தைச் சரிவில், ஆப்ஷன் வியாபாரத்தில் கையிருப்பு எல்லாம் போய்விட்டது. பிறகு 1996-ல் அம்மா மறைந்தபோது குடும்பச் சொத்தில் இருந்த பெர்க்‌ஷயர் பங்குகள் வந்தன. அதே வருடம் ஒரு அறக்கட்டளை தொடங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். காத்திருக்கவில்லை. அடி வாங்கும் பெண்களுக்கு, சிறையில் இருப்பவர்களின் கல்லூரிப் படிப்புக்கு என்று கொடுத்தார். 2006 அறிவிப்புக்குப் பிறகு, உதவி கேட்டு தம்பிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. தம்பி அவற்றை அக்காவிடம் அனுப்பிவிட்டார். பல் கட்ட, கார் ரிப்பேர் செய்ய, சக்கர நாற்காலி வாங்க என்று கேட்ட கடிதங்கள். ஒரு குழு வைத்துக்கொண்டு அவற்றைப் படித்து, விசாரித்து, உதவினார் டோரிஸ். 2020-ல் 92 வயதில் இறந்தார்.

பிள்ளைகளுக்கு பஃபெட் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். சூயிங் கம், கோலா பாட்டில், சைக்கிள் எல்லாம் சொல்லுங்கள். வட்டி விகிதத்தைக் கூட்டுவது அவர்கள் கையில் இருக்கிறது, அது தெரியட்டும். ஆனால் முதல் ஷேர் கதை வரும்போது ஆறு பங்கு என்று சொல்லுங்கள். மிச்சம் மூன்று யாருடையது என்று பிள்ளை கேட்டால், பாதி வேலை முடிந்தது.